நாலு தறிக்கு நடுவில் மலேசியா வாசுதேவன்

வெள்ளகோவிலில் சித்திரை மாதம் காற்று அடிக்காது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையாது. எங்கள் ஊரிலிருந்து கரூர் போகும் வழியில் இருக்கிற பரமத்தியைக் கோடையில் செய்தி கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் அடிக்கடி முதல் பெயராக வரும், 40 டிகிரிக்கு மேலே. அதில் மிச்சம் மீதி எங்களுக்கு. காற்று கிளம்புவது வைகாசிக் கடைசியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து, பொள்ளாச்சியையும் உடுமலையையும் குளிரவைத்து, தாராபுரம் மூலனூர்க் காற்றாலைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியாக எங்களிடம் வந்து சேரும்போது ஆனி பிறந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்திருக்கும். விடுமுறைக்கு வந்த ஒறம்பரை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கும்.

இந்த விவரத்தைப் பதினைந்து வயதில் கவனித்திருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். நான் கவனித்தது ஒரு பாட்டை.

‘கோடைக்காலக் காற்றே.’ 1981இல் வந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தில் இருக்கிறது. சந்தான பாரதியும் பி. வாசுவும் ‘பாரதி-வாசு’ என்று இரட்டையாக இயக்கிய முதல் படம். இசை இளையராஜா, பாடல் கங்கை அமரன், குரல் மலேசியா வாசுதேவன். ஊட்டியில் படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கூட வயதிலேயே காதல்; சுரேஷ் அதில்தான் அறிமுகம். இதே படத்தில் உமா ரமணன் பாடிய ‘ஆனந்த ராகம்’தான் பெரிய பாட்டு என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சிம்மேந்திரமத்தியமம் என்று ராகத்தின் பெயரையும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த 1981 மீசை முளைக்காத காதலுக்கு நல்ல மகசூல் வருடம். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் அந்த வருடம்தான், கார்த்திக்கும் ராதாவும் அதில்தான் வந்தார்கள். பாலசந்தர் கமலை வைத்து இந்தியில் ‘ஏக் துஜே கே லியே’ எடுத்ததும் அதே வருடம். அந்த மகசூலில் எனக்குக் கிடைத்தது ஒரு பாட்டு மட்டும். அதுவும் சில வருடம் தாமதமாக, பஸ்ஸில்.

எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் பாட்டு இல்லாமல் வண்டி நகராது. ஜன்னலோர சீட்டைத் தேடுவது வெளியூர்க்காரர்கள். நாங்கள் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறதென்று பார்த்து அதற்குக் கீழே உட்காருவோம். காங்கயம் போகிற அப்படி ஒரு பஸ்ஸில் இந்தப் பாட்டு வந்தது. எஸ்.பி.பி. என்றேன். கூட வந்த கூட்டாளி, “மாப்ளே, இது மலேசியா வாசுதேவன்” என்றான். ரோட்டுக்கடைப் புரோட்டாவுக்குப் பந்தயம் கட்டித் தோற்றேன். மலேசியா வாசுதேவன் என்றால் எனக்கு ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்குப் பாடியவர், மாரியம்மன் பொங்கலுக்குக் கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஊரையே எழுப்புகிற குரல். ‘ஒரு கைதியின் டைரி’யில் வில்லனாக வந்து கமலிடம் மாட்டிக்கொண்டதையும் பார்த்திருந்தேன். அந்தத் தொண்டைக்குள் இப்படி ஒரு மென்மை ஒளிந்திருக்கும் என்று நான் எப்படிக் கண்டேன்? பந்தயத்தில் தோற்ற வயிற்றெரிச்சலோடுதான் அந்தப் பாட்டு எனக்குள் போனது. போனது வெளியே வரவே இல்லை.

வெளியே வந்தபோது வேறு மாதிரி வந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தறி.

வீட்டை ஒட்டின குடோனில் நாலு விசைத்தறி ஓடியது. கரூர்க் கம்பெனிகளுக்குப் போர்வையும் விரிப்பும் கூலிக்கு நெய்து கொடுத்தோம். சாதா விசைத்தறியில் நிமிடத்துக்கு 120, 130 தடவையாவது நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். நாலும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கும்போதுகூட. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குத் தார் சுற்றுகிற வேலை. தார் சுற்றிக்கொண்டே பாடிப் பழகினேன். தறி ஒரு தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது இளையராஜா போட்ட தாளத்தில் பாட மனித ஜென்மத்தால் முடியாது. பாட்டின் சொற்கள் ஒவ்வொன்றும் நாடாவோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தன. கோடைக்காலக் காற்று எங்கள் குடோனில் ஆடிக் காற்றாக அடித்தது.

சரியான வேகத்தில் கேட்டுப் பழகலாமே என்று தோன்றும். கேட்கலாம், கரண்ட் போனால். தறி நின்றால்தானே டேப் ரெக்கார்டர் காதில் விழும்? கரண்ட் போனால் டேப் ரெக்கார்டர் பேட்டரிக் கட்டையில் ஓட வேண்டும். புதுக் கட்டை வாங்கக் காசு கிடையாது. செத்துப்போன கட்டையைக் கூரைமேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். அது கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கும், பிறகு மோட்டார் மெதுவாகும், அதோடு குரலும் இறங்கும். மலேசியா வாசுதேவன் பல்லவியில் இளைஞராகத் தொடங்கிச் சரணத்தில் சொத்து முழுக்க இழந்த கிழவராக முடிப்பார். ஆக, எனக்கு அந்தப் பாட்டு இரண்டு வேகத்தில் அத்துபடி. அது பதிவான வேகத்தில் மட்டும் தெரியாது.

இந்த நிலைமையில் அவள் வந்தாள்.

எங்கள் பக்கம் கோடை விடுமுறை என்றால் அப்புச்சி ஊருக்குப் போவது. அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி. பக்கத்துத் தோட்டத்து அமுச்சியின் பேத்தி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். அவள் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருப்பூர் என்றால் எங்களுக்கு அப்போது வெளிநாடு. இத்தனைக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அது கோயம்புத்தூர் மாவட்டம், நாங்கள் பெரியார் மாவட்டம். 2009இல் திருப்பூர் மாவட்டம் வந்து எங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தது. அரசாங்கம் எதையும் காலத்தில் செய்வதில்லை.

அவள் எனக்குக் கொடுத்த முதல் பொருள் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். தறி துடைக்கக் கொடுத்துவிட்டார்களாம். “அப்பா குடுக்கச் சொன்னாங்க” என்று இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டை எடுத்து, மடித்து, அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா அடுத்த நாளே புத்தகத்திலிருந்து அதை உருவி, தறிக்கு எண்ணெய் துடைத்துவிட்டார். நல்ல உறிஞ்சல் என்றும் பாராட்டினார்.

என் திட்டம் எளிமையானது. பாட்டை அவள் காதில் போட்டுவிட்டால் போதும், மிச்சத்தைப் பாட்டு பார்த்துக்கொள்ளும். அந்த வயதில் எல்லாப் பையன்களும் இளையராஜாவை இப்படித் தரகுக்கு அமர்த்தியவர்கள்தான்.

ஒரு காலி கேசட் வாங்கி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தேன். அறுபது நிமிடக் கேசட். பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுப் பட்டியல் எழுதிய சீட்டில் முதலில் ‘கோடைக்காலக் காற்றே’, கடைசியிலும் ‘கோடைக்காலக் காற்றே’. நடுவில் வருவதெல்லாம் அதற்குத் துணைப் பாட்டுகள். ஒரு பக்கத்துக்கு மட்டுமே பட்டியல் எழுதியிருந்தேன். மறுபக்கத்துக்கு வேண்டிய காசு இல்லை. கடைக்காரர் நல்ல மனுசர், வெறும் பக்கமாக விடவேண்டாமே என்று தன் செலவிலேயே எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளால் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. கேசட்டை அவளிடம் கொடுத்தேன். அவள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அம்மன் பக்கம் முதலில் ஓடியிருக்கிறது. அமுச்சிக்குச் சாமி வந்துவிட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அந்தக் கேசட் பூசை அலமாரியிலேயே இருந்தது. மறுபக்கம் என்று ஒன்று இருப்பதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அமுச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இந்த வயசுல என்ன பக்தி பாருங்!” என்று எல்லோரிடமும் சொல்லித் திருநீறு பூசிவிட்டது.

அடுத்தது அணைக்கட்டு. படம் பார்க்காவிட்டாலும், ஊட்டியில் எடுத்த படம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியென்றால் மலை, ஏரி, படகு எல்லாம் இருக்கும். எங்களிடம் மலை இல்லை. அணை இருக்கிறது, வட்டமலைக்கரை ஓடை அணை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நாங்கள் கடைமடை; வாய்க்காலில் தண்ணீர் எங்கள் எல்லைக்கு வருவதற்குள் முன்னாலிருக்கிறவர்கள் எல்லோரும் கை கால் கழுவிவிடுவார்கள். ஆனாலும் அணை அணைதானே? அவளையும், அவளுக்குத் துணையாக வாண்டுகள் பட்டாளத்தையும், எனக்குத் துணையாக டேப் ரெக்கார்டரையும் சேர்த்து மத்தியான வெயிலில் கூட்டிப்போனேன்.

கரைமேல் ஏறி நின்று எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே கண்ணுக்கு எட்டிய வரை வேலிமுள். நடுவில் ஒரு பட்டி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

“தண்ணி எங்கீங்?” என்றாள்.

“மழைக்கு வருமுங்” என்றேன்.

(பின்னால் அந்த அணை ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் ஒரேயடியாகக் காய்ந்து கிடந்தது. 2021இல் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டபோது ஊரே திரண்டுபோய்ப் பூத்தூவி வரவேற்றது. நான் சொன்ன ‘வரும்’ பொய்யில்லை. கொஞ்சம் காலம் பிடித்தது.)

பாட்டைப் போட்டேன். கட்டை அங்கேயே செத்தது. பொடியன் ஒருவன், “அண்ணா, இந்த மாமனுக்கு உடம்பு செரியில்லீங்களா?” என்று டேப் ரெக்கார்டரைக் காட்டிக் கேட்டான். திரும்பி வரும்போது அவளுக்கு வெயில் தாங்காமல் மூக்கில் ரத்தம் வந்து, என் மேல்துண்டு அதற்குப் பயன்பட்டது. அதைக் காதல் காட்சியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று ராத்திரி நெடுநேரம் யோசித்தேன். முடியவில்லை, துண்டு அண்ணனுடையது, துவைத்து வைத்திருக்கவில்லை என்று காலையிலேயே உதை விழுந்தது.

கடைசி அஸ்திரம் மாரியம்மன் பொங்கல். கம்பம் பிடுங்குகிற ராத்திரி பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். நடுவில் உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு பாட்டுக்கு இடம் தருவது வழக்கம். பெயர் கொடுத்தேன். அவள் முதல் வரிசையில், அமுச்சி மடியோரம்.

முன்னிசையைக் குழுவினர் அழகாக வாசித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்ததும் எனக்குள்ளிருந்து நாலு தறி ஓட ஆரம்பித்தது. பல்லவியை நான் முடித்தபோது கிடார்காரர் பாதி வழியில் இருந்தார். டிரம்ஸ் அடித்தவர் மட்டும் என்னைத் துரத்திப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார். சரணத்துக்கு முன்னால் வரவேண்டிய இசை வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தறிக்கு ஏது இடைவெளி? முடித்துவிட்டு மைக்கை நீட்டினபோது அறிவிப்பாளர் வாங்கிக்கொண்டு, “ஏந்தம்பி, கடைசி பஸ்ஸு ஏதாச்சும் புடிக்கோணுமா?” என்று மைக்கிலேயே கேட்டார். பொங்கல் சாட்டிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும்.

அவளைப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். நான் பாடத் தொடங்குவதற்கு முன்பே தூங்கினாளா பாடும்போது தூங்கினாளா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. ஒரே ஒருவர் மட்டும் கூட்டத்தில் தொடையில் தாளம் போட்டு ரசித்தார். என் அப்பா. வீட்டுக்கு நடந்து வரும்போது முதுகில் தட்டி, “நல்லா ஓட்டுனடா” என்றார்.

இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை இருந்தது. அதை முடித்து வைத்தவள் என் அப்பத்தா. திருப்பூர்ப் பெண் ஒரு நாள் முருங்கைக்காய் கொடுக்க வந்திருந்தாள். சித்திரையில் எங்கள் ஊரில் முருங்கைக்காயை விற்கவும் முடியாது, ஒறம்பரைக்குக் கொடுத்தும் தீராது. எல்லார் வீட்டிலும் அதே சாம்பார். திண்ணையில் உட்காரச் சொல்லி அப்பத்தா பேச்சுக் கொடுத்தது.

“உங்கப்பன் எந்தூருங் கண்ணு?”

“முத்தூர்ப் பக்கமுங் ஆத்தா. இப்பத் திருப்பூருங்.”

“என்ன கூட்டமுங்?”

சொன்னாள். எங்கள் கூட்டம். அப்பத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொங்குநாட்டில் ஒரே கூட்டம் என்றால் பங்காளி முறை. எத்தனை தலைமுறைக்கு முன்னால் பிரிந்திருந்தாலும் அண்ணன் தங்கச்சிதான், பேச்சுக்கே இடமில்லை. “அட, நம்ம புள்ள!” என்றவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். தறிச் சத்தத்துக்குப் பழகின குரல். “டேய், தங்கச்சிக்கு ஒரு சொம்பு மோரு கொண்டாந்து குடு!”

கொண்டுவந்து கொடுத்தேன். “டேங்ஸுங்ணா” என்றாள். அதுவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள், முறை தெரிந்ததும் எவ்வளவு நிம்மதியாகக் கூப்பிட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதிக்குள்ளேயே காதலிக்கக்கூட வழி வைக்காத ஏற்பாட்டைப் பற்றி நான் அப்போதே ஒரு புரட்சி செய்திருக்கலாம். மோர்ச் சொம்பைக் கழுவி வைத்தேன்.

அவள் ஊருக்குப் போன பிறகு காற்று வந்தது. வந்த வேகத்தில் எங்கள் வீட்டு டி.வி. ஆண்டெனாவைச் சாய்த்துவிட்டுப் போனது.

பாட்டு இப்போது இன்னும் நன்றாகப் பொருந்தியது. நிறைவேறாத காதலின் நாயகன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு, அரைப்பரீட்சை வரை தாடியை எதிர்பார்த்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், நாலு தறி எட்டானது, எட்டு மறுபடி நாலானது. பாட்டு மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்ப்பேன். வீட்டில் எல்லோரும் எதற்கென்று கேட்காமல் மரியாதையாக விலகிப் போவார்கள்.

ஒரு நாள் கே டிவியில் ‘பன்னீர் புஷ்பங்கள்’ போட்டார்கள். அதுவரை படத்தை நான் பார்த்ததே இல்லை. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன். பாட்டு வந்தது. பையன் பாடவில்லை. பாடியவர் பிரதாப் போத்தன், பள்ளிக்கூட வாத்தியார். மாணவர் கும்பலைக் கூட்டிக்கொண்டு மலையில் சுற்றிக்கொண்டே பாடுகிறார். கவனித்துக் கேட்டால் பாட்டிலும் காற்று, மேகம், வானம் இவைதான். காதலி யாரும் கிடையாது. இத்தனை வருடமாக நான் தலை சாய்த்துக் கேட்டது ஒரு சுற்றுலாப் பாட்டு.

“இதுக்கா இத்தன வருசம் மூஞ்சிய அப்படி வெச்சிருந்தீங்க?” என்றாள் மனைவி. கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

மகன் ஆறுதல் சொன்னான். அவன் கல்லூரியில் இங்கிலீஷ் பாட்டுக் கேட்பவன். கனடாக்காரர் பிரயன் ஆடம்ஸ் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’ என்று ஒரு பாட்டுப் பாடியிருக்கிறாராம். 1984இல் வந்த ‘ரெக்லெஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. வாலிப வயதில் கிடார் வாங்கினது, பாட்டுக் குழு கட்டினது, ஒரு பெண்ணோடு பழகினது எல்லாம் அந்த 69ஆம் வருடக் கோடையில் நடந்ததாக நினைத்து ஏங்குகிற பாட்டு. ஆனால் பாடினவர் பிறந்தது 1959 நவம்பரில். அந்தக் கோடையில் அவருக்கு வயது 9. “பாத்தீங்களாப்பா, அந்தாளும் ஒண்ணும் நடக்காததுக்குத்தான் ஏங்கியிருக்காரு” என்றான். இருக்கலாம். ஆனால் அவர் அதை வைத்து உலகம் முழுக்க விற்றார். நான் ஒரு கேசட்டை அம்மனுக்குக் காணிக்கை கொடுத்தேன்.

2018இல், பள்ளிக்கூடக் காதலை நினைத்து ஏங்குகிற ‘96’ படம் வந்ததும் நிலைமை மோசமானது. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்து நாயகிபோல ஆளாளுக்கு ஒரு ஜானு முளைத்தாள். படத்தில் நாயகன் ராம் பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ‘யமுனை ஆற்றிலே’ ‘தளபதி’யில் வந்தபோது எங்களுக்கெல்லாம் மீசை முழுதாக முளைத்து, பாவு பிணைக்க ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தோம். அதெல்லாம் மறந்து, எல்லோரும் எதிலோ ஏமாந்தவர்களாக எழுதினார்கள். நானும் என் பாட்டைப் போட்டு, ஒரு கோடை, ஒரு அணைக்கட்டு என்று பட்டும் படாமல் எழுதினேன். அணைக்கட்டுக்குக் கூட வந்த பொடியன்களில் ஒருவன் அந்தக் குழுவிலேயே எப்படியோ இருந்திருக்கிறான். “மூக்குல ரத்தம் வந்துச்சே, அதுங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டான்.

மலேசியா வாசுதேவன் அதற்கு முன்பே, 2011 பிப்ரவரி 20இல், காலமாகியிருந்தார். சேதி கேட்ட அன்று அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. தறி எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்தி, குடோனில் பாட்டை ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்து மெயின் சுவிட்சை அணைத்தேன். அப்போது மின்வெட்டுக் காலம். சுவிட்சை அணைத்த கணமே ஓட்டுகிற ஆட்கள் எல்லோரும் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். வெறும் குடோனில் நான் மட்டும் நின்று கேட்டேன். சொல்லப்போனால் அன்றைக்குத்தான் பாட்டை அதன் சரியான வேகத்தில், தறிச் சத்தம் இல்லாமல், முழுதாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மெதுவாக இருப்பதாகப் பட்டது.

‘முதல் மரியாதை’யில் ‘பூங்காற்று திரும்புமா’வும் அவர் குரல்தான், எஸ். ஜானகியோடு. 1981இல் பள்ளிக்கூட வயதுக்கு ஒரு காற்று, 1985இல் நரை வந்த சிவாஜிக்கு ஒரு காற்று. இரண்டுக்கும் இடையில் பாடகருக்கு வயது நாலுதான் கூடியது. கேட்ட எனக்கு ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்ச்சேர முப்பது வருடத்துக்கு மேலானது. இந்தப் பாட்டுக்காவது நியாயம் செய்வோம் என்று மகன் ஏற்றிக்கொடுத்த ஸ்மூல் செயலியில் பாடிப் பார்த்தேன். அதில் சொற்கள் திரையில் ஓடும், பின்னால் போகவேண்டும். நான் முன்னால் போய்விட்டேன்.

போன தை மாதம் முத்தூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். நரையை மறைக்காத தலை, கண்ணாடி, கையில் பேரன். அவளே வந்து பேசினாள். “நல்லா இருக்கீங்களாண்ணா? தறியெல்லாம் ஓடுதுங்களா?” பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சாம்பாரில் முருங்கைக்காய். சிரித்தாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குப் பாழாய்ப்போன நம்பிக்கை வந்துவிட்டது.

“அந்தப் பொங்கலுக்கு நான் ஒரு பாட்டுப் பாடினேன், ஞாபகம் இருக்குதுங்களா?” என்றேன்.

“நீங்க பாடுனீங்களா? அமுச்சி சொல்லும், நீங்க அம்மன் பாட்டெல்லாம் நல்லாப் பாடுவீங்கன்னு” என்றவள், இலையை மூடுவதற்குள் விஷயத்துக்கு வந்தாள். மகளின் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. வருகிறவர்களுக்குக் கொடுக்க விரிப்பு வேண்டும், தறிக்காரர் விலைக்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்றேன். விலை சொன்னேன். குறைத்தாள். இன்னும் குறைத்தாள். நூல் விலை இப்போது என்ன என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, பனியன்காரர் மகள். அடக்கத்துக்கும் கீழே வந்து நின்றபோது, “சரீங்” என்று என் வாய்தான் சொன்னது.

மூட்டை கட்டி லாரி ஆபீசில் போட்டேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. நீல விரிப்பு ஒன்றில் நடுவில் ஊடை விட்டுப்போய் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பாவு தெரிகிறதாம். எந்தத் தறி என்று பார்த்தேன், நான் ஓட்டினதுதான். மாற்றுத் துணி அனுப்பிவிட்டேன், லாரி வாடகையும் என் கணக்கில். பழையதைத் திருப்பி அனுப்பச் சொன்னதற்கு, தரை துடைக்க வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். நல்ல உறிஞ்சலாம்.